தோற்றவர் அருகில் அமர்தல்

வென்றவனுக்கு மாலையிட எல்லாரும் முந்துவர். அதற்குத் தனித்த பண்பு ஒன்றும் தேவையில்லை. தோற்றவன் வீடு திரும்பும் வேளையில் அவனோடு நடந்து வருபவர் யார் என்பதிலேதான் மனித உறவின் தரம் புலப்படும். இது எல்லாரும் ஒப்புக்கொள்ளும் பேச்சு. ஆனால், தோற்பவனோடு எவ்வளவு தூரம் நடப்பது? ஓராண்டா, பத்தாண்டா, வாழ்நாள் முழுவதுமா? பலன் வராது என்று ஏறத்தாழத் தெரிந்த பின்னரும் ஒன்றின்மீது வைத்த பற்றைக் கைவிடாதிருப்பது பண்பா, பேதைமையா? பொறுமை என்று நாம் பெருமையோடு சொல்லிக்கொள்வது, கணக்குப் பார்க்கத் தெரியாமைக்கு இட்ட அழகிய பெயர்தானா?

இந்தக் கேள்வி எனக்கு ஏடுகளிலிருந்து வரவில்லை. என் வாப்பாவிடமிருந்தும், அவர்கள் அறுபத்து நான்கு ஆண்டுகள் விடாது பின்தொடர்ந்த இந்திய ஹாக்கி அணியிடமிருந்தும் வந்தது.

வாப்பா கருவாட்டு வியாபாரி. தூத்துக்குடிக்கு வடக்கே கடற்கரையோரமாக இருக்கும் தருவைகுளத்துக்கு மிதிவண்டியில் போய், வள்ளங்கள் கரை சேரும்வரை மணலில் காத்திருந்து, மீன் எடுத்துக் காயவைத்து விற்பது அவர்கள் தொழில். மழைநீர் வந்து தங்கும் தாழ்ந்த நிலத்தைத் தருவை என்பது எங்கள் பக்கத்து வழக்கு. தருவையும் குளமும் பெயரில் இருந்தாலும் அந்த ஊர் கடலை நம்பியே வாழ்வது. ஊரார் பெரும்பாலும் கத்தோலிக்க மீனவ மக்கள். அவர்கள் நடுவே ஒரு தொப்பியும், ஒரு மிதிவண்டியும், தோல் உறையிட்ட ஒரு டிரான்சிஸ்டர் வானொலியும் வாப்பாவின் அடையாளங்கள்.

இந்தக் கடற்கரைக்கு ஹாக்கி சொந்தமான ஆட்டம் அன்று. காயல்பட்டினத்தாருக்குக் கால்பந்து எப்படியோ, அப்படி வளைகோல் பந்து கோவில்பட்டிக்காரர்களுக்கு உயிர். வாப்பா தம் பதினான்காம் வயதில் கோவில்பட்டியில் ஒரு கடையில் வேலைக்குச் சேர்ந்தார்கள். அது 1948. அந்த ஆகஸ்டு 12-ஆம் நாள், லண்டன் ஒலிம்பிக் இறுதி ஆட்டத்தில் இந்தியா பிரிட்டனை 4-0 என வென்றது. விடுதலை பெற்று ஓராண்டுகூட நிறையவில்லை. ஆண்டவனுடைய நாட்டிலேயே, அவன் கற்றுக்கொடுத்த ஆட்டத்திலேயே, அவனைத் தோற்கடித்த செய்தியைக் கடையில் ஒருவர் பத்திரிகையை விரித்து உரக்கப் படித்தாராம். கரிசல் மண்ணில் கருவேலங் கொம்பை வளைத்து ஆடிக்கொண்டிருந்த பையன்கள் அதைக் கேட்டுத் தெருவெல்லாம் ஓடினார்களாம். வாப்பாவும் ஓடியிருக்கிறார்கள். அன்று பிடித்த ஓட்டம் 2013-இல் அவர்கள் மௌத்தாகும்வரை நிற்கவில்லை.

பின்னாளில் நான் கேலி செய்ததுண்டு: "ஜெயிக்கிற நாளில் போய்ச் சேர்ந்துவிட்டு, தோற்கிற நாளில் வெளியேறத் தெரியாமல் மாட்டிக்கொண்டீர்கள்." உண்மை அதுதான். 1952, 1956, 1964 என்று தங்கங்கள் வந்தன. 1960-இல் ரோமில் பாகிஸ்தானிடம் ஒரே கோலில் தோற்றபோதுதான் முதன்முதலாகத் தோல்வியின் சுவை தெரிந்தது. பிறகு 1968-இலும் 1972-இலும் வெண்கலம். வெண்கலம் கிடைத்ததற்காக நாடு துக்கம் கொண்டாடிய காலம் அது!

எனக்கு நினைவு தெளிவாகத் தொடங்குவது 1975 மார்ச்சு மாதத்திலிருந்து. உலகக் கோப்பைப் போட்டி கோலாலம்பூரில் நடந்தது. எனக்கு வயது பதினொன்று. வானொலி வருணனை இந்தியில். எங்கள் இருவருக்கும் இந்தி தெரியாது. ஆனாலும், பெயர்கள் புரிந்தன. அஜித் பால் சிங், கோவிந்தா, அசோக் குமார், அஸ்லம் ஷேர்கான். குரல் உயர்ந்தால் பந்து எதிரியின் எல்லையில், தாழ்ந்தால் நம் எல்லையில் என்று வாப்பா விளக்குவார்கள். மலேசியாவுடன் அரையிறுதி. ஆட்டம் முடியச் சில நிமிடங்களே இருக்க, இந்தியா ஒரு கோல் பின்தங்கி நின்றது. அதுவரை வெளியே உட்கார்த்தி வைக்கப்பட்டிருந்த அஸ்லம் ஷேர்கான் களத்திலே இறக்கப்பட்டார். பெனால்டி கார்னரில் அவர் அடித்த பந்து வலைக்குள் சென்றது. அதன்பின் கூடுதல் நேரத்தில் வெற்றி. மார்ச்சு 15 அன்று இறுதியாட்டத்தில் பாகிஸ்தானை 2-1 என வென்று கோப்பையைப் பெற்றோம்.

அந்த வெற்றியில் ஒரு நயத்தை வாப்பா எனக்குக் காட்டினார்கள். இறுதியாட்டத்தின் வெற்றி கோலை அடித்த அசோக் குமார், 1928, 1932, 1936 ஆகிய மூன்று ஒலிம்பிக்கிலும் தங்கம் வென்ற தியான் சந்தின் மகன். அஸ்லம் ஷேர்கானின் தந்தை அஹமது ஷேர்கானும் 1936-இல் பெர்லினில் தங்கம் வென்ற அணியில் ஆடியவர். "தகப்பன் விட்டுப்போனதை மகன் எடுத்துக்கிட்டான் பாத்தியா" என்று வாப்பா சொன்னார்கள். அவர்கள் எனக்கு எதை விட்டுப்போகப் போகிறார்கள் என்று அன்று எனக்குத் தெரியாது. அவர்களுக்கும் தெரிந்திருக்காது.

1980 ஜூலை 29. ரமலான் மாதம். மாஸ்கோ ஒலிம்பிக் இறுதியாட்டத்தில் ஸ்பெயினை 4-3 என இந்தியா வென்றது. தலைவர் நம் தமிழகத்து வாசுதேவன் பாஸ்கரன். நான்காவது கோல் இருபது வயது வாரணாசி இளைஞர் முஹம்மது ஷாஹிதுடையது. தராவீஹ் முடிந்து வெளியே வந்தவர்கள் இதையே பேசினர். பல நாடுகள் புறக்கணித்த போட்டி என்று சிலர் குறை சொன்னார்கள். வாப்பா மறுக்கவில்லை. "வந்தவங்களோடதானே ஆட முடியும்" என்றார்கள்.

அதுதான் கடைசி. அதன்பின் வாப்பாவின் வாழ்நாளில் ஒலிம்பிக் பதக்கம் ஒன்றுகூட வரவில்லை.

*

1982 டிசம்பர் முதல் நாள், தில்லி ஆசிய விளையாட்டின் இறுதி ஆட்டம். சொந்த மண்ணில், பிரதமர் பார்த்திருக்க, இந்தியா பாகிஸ்தானிடம் 1-7 என்று தோற்றது. எனக்கு வயது பதினெட்டு. மறுநாள் வாப்பாவோடு தருவைகுளம் போயிருந்தேன். தேநீர்க் கடையில் எல்லார் பேச்சும் அந்த ஆட்டத்தைப் பற்றியே. வெளியூரிலிருந்து லாரியோடு வந்திருந்த ஒருவர் வாப்பாவின் தொப்பியைப் பார்த்து, "பாய்க்கு நேத்து ராத்திரி நல்ல தூக்கம் வந்திருக்கும்" என்றார். சிலர் சிரித்தார்கள்.

வாப்பா நேற்றிரவு தூங்கவில்லை. அது எனக்குத் தெரியும். ஏழாவது கோலுக்குப் பிறகு வானொலியை அணைக்காமல் அதன்மேல் கை வைத்தபடி உட்கார்ந்திருந்ததை நான் பார்த்தேன். நான் வாயெடுத்தேன். வாப்பா என் கையைப் பிடித்து அழுத்தினார்கள். தேநீரைப் பாதியில் வைத்துவிட்டு, காசைக் கொடுத்துவிட்டு, மணலை நோக்கி நடந்தார்கள். அவர்களுக்குப் பின்னே, கடையிலிருந்து ஒரே ஓர் ஆள் எழுந்து வந்தார். வாப்பா "அண்ணாச்சி" என்றழைக்கும் முதிய மீனவர். ஒன்றும் சொல்லவில்லை. வள்ளத்தின் நிழலில் வாப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து, மடியிலிருந்து வலையூசியை எடுத்து, கிழிந்த வலையைப் பொத்தத் தொடங்கினார். ஒரு மணி நேரம் அப்படியே இருந்தார்கள். அந்த ஒரு மணி நேரத்தில் என் வாப்பாவுக்குக் கிடைத்த மரியாதையை எந்த மேடைப் பேச்சாலும் கொடுத்திருக்க முடியாது என்பது என் எண்ணம்.

பற்றுக்குச் சான்று கேட்பவரிடம் எந்தச் சான்றும் செல்லாது. ஏனெனில், அவர் கேட்பது சான்றன்று, நம் தலைகுனிவு. இதை நான் அன்றே உணர்ந்தேன். ஆனால் அந்தச் சொல் வெறுமனே போய்விடவில்லை. ஒரு சேதத்தை விளைவித்தே போயிற்று. வாப்பா நல்ல ஆட்டத்தை யார் ஆடினாலும் மெச்சுவார்கள். ஹாலந்துக்காரரையும் ஜெர்மானியரையும் மெச்சியதைப் போலவே ஹசன் சர்தாரையும் கலீமுல்லாஹ்வையும் மெச்சுவார்கள். அன்றைக்குப் பிறகு முந்தியவர்களை மட்டும் கடையில் மெச்சினார்கள். பிந்தியவர்களை வீட்டிற்குள் வந்து, குரலைத் தாழ்த்தி மெச்சினார்கள். ஆட்டத்தை ஆட்டமாகப் பார்க்கும் உரிமையைக்கூட ஒருவன் வீட்டுக்குள் ஒளித்துவைக்க நேர்வது சிறிய இழப்பு அன்று.

அதே தோல்விக்காக இன்னொருவர் பட்டதை ஈண்டுச் சொல்ல வேண்டும். அன்று இந்தியாவின் கோல்காவலராக நின்றவர் மீர் ரஞ்சன் நேகி. அவர் எதிரியிடம் பணம் வாங்கிக்கொண்டு விட்டுக்கொடுத்தார் என்று பழி கிளம்பிற்று. அது மெய்யென்று எக்காலத்தும் நிறுவப்படவில்லை. ஆனால், அவருடைய ஆட்ட வாழ்வு குலைந்தது. அவர் முஸ்லிம் அல்லர். எனவே, ஐயம் என்பது மதம் பார்த்து மட்டும் வருவதில்லை. தோல்வி பொறுக்காத கூட்டம் கையில் அகப்பட்டவரைப் பிடித்துக்கொள்ளும். அகப்படுவதற்கு எளியவர் யார் என்பதில்தான் மதமும் சாதியும் புகுகின்றன. அந்த நேகி பதினாறு ஆண்டு கழித்து, 1998 பாங்காக் ஆசிய விளையாட்டில் கோல்காவலர்களுக்குப் பயிற்சி தருபவராக அணியோடு சென்றார். முப்பத்திரண்டு ஆண்டுகளுக்குப் பின் இந்தியா அங்கே தங்கம் வென்றது. செய்தி கேட்ட வாப்பா வெற்றியைப் பற்றி முதலில் பேசவில்லை. "அந்தப் பிள்ளை இன்னிக்குத் தூங்குவான்" என்றார்கள்.

*

1983-இல் கிரிக்கெட்டில் இந்தியா உலகக் கோப்பையை வென்றது. நாடே அந்தப் பக்கம் திரும்பியது. நானும் திரும்பினேன். ஹாக்கியோ 1984-இல் ஐந்தாமிடம். 1986-இல் லண்டனில் நடந்த உலகக் கோப்பையில் பன்னிரண்டு அணிகளுள் பன்னிரண்டாமிடம். அன்று வாப்பாவிடம் வழக்காடினேன். "இன்னும் எதற்கு இதைக் கட்டிக்கொண்டு அழுகிறீர்கள்?" அவர்கள் கோபப்படவில்லை. "ஜெயிக்கிற பக்கம் உக்கார ஆளு நெறைய இருக்குது வாப்பா. நான் இங்கனயே இருந்துக்கிடுதேன்" என்றார்கள்.

என் வாதம் இரண்டு வகையாக இருந்தது. அறிவு வழிப்பட்டது ஒன்று. 1976-இல் மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் ஹாக்கி செயற்கைப் புல்தரைக்கு மாறியது. அங்கே நாம் ஏழாமிடத்துக்கு இறங்கினோம். புல்லில் பந்தைக் கோலோடு ஒட்டவைத்து வளைந்து வளைந்து செல்லும் நம் கலைக்கு, வேகமும் உடல்வலிவும் கேட்கும் அந்த வழவழத் தரையில் மதிப்புக் குறைந்தது. அத்தகைய தரை விலை மிகுந்தது. தண்ணீர் தெளித்துக்கொண்டே இருக்க வேண்டியது. குடிதண்ணீருக்குக் குடத்தோடு வரிசையில் நிற்கும் எங்கள் மாவட்டத்தில் அது எந்நாளில் வரும்? ஆதலால், இது ஆட்டக்காரரின் குறையன்று, காலத்தின் மாற்றம், மாறிய காலத்தை எதிர்த்துக் காத்திருப்பது வீண் என்றேன்.

மார்க்க வழிப்பட்டது மற்றொன்று. நெஞ்சை மறக்கடிக்கும் வீண் கேளிக்கைக்கு நம் மார்க்கத்தில் இடமில்லையே, தோற்கும் கேளிக்கைக்கு மட்டும் இடமுண்டா என்று கேட்டேன். வாப்பா பாங்கு சொன்னதும் வானொலியை அணைத்துவிடுவார்கள். எந்த ஆட்டமும் அவர்கள் தொழுகையைத் தள்ளிவைத்ததில்லை. ஆகவே, அவர்களுக்கு என் கேள்வி உறுத்தவில்லை. ஒரு வரலாற்றைச் சொன்னார்கள். பின்னாளில் நானும் தேடிப் படித்தறிந்தேன்.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் அள்பா என்ற பெண் ஒட்டகம் இருந்தது. ஓட்டத்தில் அதை எதுவும் முந்தியதில்லை. ஒருநாள் நாட்டுப்புறத்து அரபி ஒருவர் தம் இளம் ஒட்டகத்தில் வந்து அதை முந்திவிட்டார். தோழர்களுக்கு அது தாங்கவில்லை. அவர்கள் முகத்தில் படர்ந்த வருத்தத்தை நாயகம் (ஸல்) அவர்கள் கண்டார்கள். இவ்வுலகில் உயர்ந்த எதையும் இறைவன் தாழ்த்தாமல் விடுவதில்லை என்ற கருத்துப்பட ஆறுதல் சொன்னார்கள். அனஸ் (ரலி) அவர்கள் அறிவித்து, புகாரி நூலில் இடம்பெற்ற செய்தி இது.

இதில் எண்ணிப் பார்க்க வேண்டியவை சில உள. பந்தயத்தில் தோற்றதற்காக வருந்திய தோழர்களை, "இதற்கெல்லாமா வருத்தம்?" என்று நாயகம் (ஸல்) அவர்கள் கடிந்துகொள்ளவில்லை. அந்த எளிய துயரையும் துயர் என்றே மதித்தார்கள். வென்ற அரபியைப் பழிக்கவில்லை. ஒட்டகத்தைக் கைவிடவுமில்லை. உயர்ந்தது தாழும் என்பதை ஓர் இறைநியதியாகக் காட்டி, தோல்வியிலிருந்து இழிவை மட்டும் கழற்றி எடுத்தார்கள். தோல்வி வேறு, இழிவு வேறு. தோல்வி களத்தில் விளைவது. இழிவு பார்வையாளர் சேர்ப்பது. இதுதான் வாப்பா கண்ட தத்துவம். அவர்கள் தங்கம் எட்டு வென்ற அணி தரையில் கிடந்ததைப் பார்த்து அழவில்லை. தரையில் கிடப்பதை இழிவென்று சொல்ல மறுத்தார்கள்.

*

இந்தத் தத்துவம் வானொலிப் பெட்டிக்கு வெளியே எப்படிச் செல்லுபடியாகிறது என்பதை நான் 1990-இல் அறிந்தேன். குவைத்தில் ஒரு கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த ஆகஸ்டில் ஈராக்கியப் படை புகுந்தது. சுமார் 1,70,000 இந்தியர்கள் விமானங்களில் மீட்கப்பட்டனர். பெரும்பாலோர் பாலைவனம் கடந்து ஜோர்தானின் அம்மான் வந்து ஏறினர். அவர்களுள் நானும் ஒருவன். மூன்றாண்டுச் சம்பாத்தியம் அங்கேயே போயிற்று. உடுத்திய உடையும் ஒரு பையுமாகத் தூத்துக்குடி இரயிலடியில் இறங்கினேன். தங்கையின் நிக்காஹ் என் பணத்தை நம்பி நிச்சயிக்கப்பட்டிருந்தது.

வாப்பா வந்திருந்தார்கள். என்ன மிஞ்சிற்று என்று கேட்கவில்லை. வழியெல்லாம் பேசவுமில்லை. இரவு உம்மா சோறு பரிமாறினார்கள், எனக்கு இறங்கவில்லை. வாப்பா பக்கத்தில் வந்து அமர்ந்து, வெகு இயல்பாக, "பெய்ஜிங்கில ஏஷியன் கேம்ஸ் தொடங்கப் போகுது. நம்ம பசங்க போறாங்க" என்றார்கள். எனக்கு அழுகை வந்தது. கேட்டவர்க்கு அது பொருத்தமற்ற பேச்சாகத் தோன்றியிருக்கும். ஆனால், எனக்குப் பொருள் விளங்கிற்று. 1986-இல் கடைசி இடம் வந்தவர்களை எப்படி அவர்கள் "நம்ம பசங்க" என்றே சொன்னார்களோ, அந்தச் சொல்லுக்குள் என்னையும் சேர்த்துவிட்டார்கள். தோற்றவனுக்கு அருகில் எப்படி அமர்வது என்பதை அவர்கள் பல ஆண்டுகள் ஓர் அணியிடம் பழகியிருந்தார்கள். அந்தப் பழக்கம் வேண்டிய நாளில் என்னிடம் வந்து சேர்ந்தது. அவ்வாண்டு பெய்ஜிங்கில் இந்தியாவுக்கு வெள்ளி. தங்கையின் நிக்காஹ் ஒன்றரையாண்டு தள்ளி, எளிய முறையில் நிறைவேறியது.

ஆதலால், விளையாட்டில் காட்டும் பற்று வீண் என்று நான் இன்று சொல்லமாட்டேன். பெரிய துயரங்களில் பொறுமை காட்ட வேண்டும் என்று யாவரும் போதிக்கின்றனர். அந்தப் பொறுமையை எங்கே போய்ப் பழகுவது? சிறிய துயரங்களில்தான். மையித்து வீட்டில் நின்று முதன்முதலாகப் பொறுமை கற்க முயல்பவனுக்கு அது எளிதில் வசப்படாது.

இங்கே ஓர் எச்சரிக்கையும் வேண்டும். தோற்றவரோடு இருப்பது, தவறு செய்தவரை மறைப்பது ஆகாது. தன் கூட்டத்தாரை நேசிப்பது வேறு. அவர்தம் அநீதிக்குத் துணைபோவது வேறு. பின்னதையே நம் மார்க்கம் இனவெறி என்று கண்டித்தது. 2008 மார்ச்சில் சாந்தியாகோவில் பிரிட்டனிடம் 0-2 எனத் தோற்று, 1928-க்குப் பின் முதன்முறையாக ஒலிம்பிக்குக்கே தகுதி பெறாமல் இந்தியா நின்றது. அடுத்த மாதமே நிர்வாகச் சீர்கேட்டுப் புகாரில் பழைய சம்மேளனம் இடைநீக்கம் செய்யப்பட்டது. வாப்பா வாழ்நாளில் அவ்வளவு சினந்து நான் கண்டதில்லை. ஆட்டக்காரர்கள்மீதன்று, நிர்வாகிகள்மீது. "பசங்க தோக்கட்டும், அது ஆட்டம். இவங்க வித்துட்டாங்க" என்றார்கள். பொறுமை என்பது வாய்மூடி இருத்தல் அன்று. உரிய இடத்தில் கண்டித்துவிட்டு, உரியவரைக் கைவிடாதிருத்தல்.

*

2012 லண்டன் ஒலிம்பிக். பன்னிரண்டு அணிகள். இந்தியா எல்லா ஆட்டங்களிலும் தோற்றுப் பன்னிரண்டாமிடம். 1948-இல் எந்த நகரத்தில் தங்கம் வென்ற செய்தி ஒரு சிறுவனைத் தெருவில் ஓடவைத்ததோ, அதே நகரத்தில் கடைசி இடம். எழுபத்தெட்டு வயது வாப்பா கட்டிலில் சாய்ந்தபடி தொலைக்காட்சியில் கடைசி ஆட்டத்தையும் முடியும்வரை பார்த்தார்கள். முடிந்ததும், வழக்கமாகக் கேட்பதைக் கேட்டார்கள்: "அடுத்த ஆட்டம் எப்போ?" மறு ஆண்டு அவர்கள் மௌத்தானார்கள்.

எட்டாண்டு கழித்து, 2021 ஆகஸ்டு 5 காலை, டோக்கியோவில் 1-3 எனப் பின்தங்கியிருந்த இந்தியா எழுந்து, ஜெர்மனியை 5-4 என வென்று வெண்கலம் பெற்றது. கடைசி நொடிகளில் வந்த பெனால்டி கார்னரைக் கோல்காவலர் ஸ்ரீஜேஷ் தடுத்தார். நாற்பத்தோராண்டுக் காத்திருப்பு முடிந்தது. 2024-இல் பாரிஸில் ஸ்பெயினை 2-1 என வென்று மீண்டும் வெண்கலம். கோவில்பட்டிக்கும் செயற்கைத் தரை வந்துவிட்டது. அங்கே பயின்ற மாரீஸ்வரனும் கார்த்தியும் 2022 ஆசியக் கோப்பைக்கான இந்திய அணியில் இடம்பெற்றனர். எது வராது என்று நான் வாதிட்டேனோ, அது வந்தது.

இதைக் கொண்டு, "பார், பொறுத்தவர் வென்றார்" என்று கட்டுரையை முடித்துவிடலாம். அது எளிது, ஆனால், நேர்மையன்று. வாப்பாவின் கணக்கு 2012-இல் கடைசி இடத்தோடு முடிந்துவிட்டது. அவர்கள் வெண்கலத்தைக் காணவில்லை. பலனைக் கொண்டுதான் பொறுமையின் மதிப்பை அளப்போமாயின், அவர்களுடைய அறுபத்து நான்கு ஆண்டுகளின் பிற்பாதி வீணென்றே எழுத வேண்டும். இன்னும் எட்டாண்டு வாழ்ந்திருந்தால் அதே பொறுமை வீணன்று என்றாகியிருக்கும். ஒருவருடைய பண்பு, அவர் மௌத்தான பிறகு யாரோ அடிக்கும் கோலினால் உயர்வதும் தாழ்வதும் எப்படி முறையாகும்?

எங்கள் கடற்கரைக்கு இன்னொரு காத்திருப்பு உண்டு. வாப்பாவின் தந்தையார் முத்துச் சலாபத்தில் சிப்பி ஏலம் எடுத்தவர். ஆயிரம் சிப்பி இன்ன விலையென்று எடுத்து, அழுகவைத்து, அலசிப் பார்த்தால்தான் உள்ளே முத்துண்டா இல்லையா என்பது தெரியும். கடலடியில் முத்துப் பார்கள் பல ஆண்டுகள் தொடர்ந்து வெறுமையாகக் கிடப்பதுண்டு. அப்போதெல்லாம் முஸ்லிம்களும் பரதவரும் ஒருசேரக் காத்திருப்பர். தூத்துக்குடியில் கடைசிச் சலாபம் 1961-இல் நடந்தது. அதன்பின் இன்றுவரை இல்லை. ஹாக்கியில் காத்திருந்தவர்க்குப் பதக்கம் வந்தது. சலாபத்துக்குக் காத்திருந்தவர்க்கு முத்து வரவில்லை. அதனால் ஹாக்கிக்குக் காத்தவர் அறிவாளி, சலாபத்துக்குக் காத்தவர் பேதை என்று ஆகுமா? இருவரும் காத்த முறை ஒன்றே. விளைவு அவர்கள் கையில் இல்லை. நம் கையில் இருப்பது, காத்திருக்கும் காலத்தில் நாம் எத்தகைய மனிதராக இருந்தோம் என்பது மட்டுமே. பொறுமையை வட்டிக்கு விட்ட முதலாக எண்ணுபவர், வட்டி வராதபோது பொறுமையையும் இழப்பார். நம் மார்க்கம் அதை முதலீடாகக் கற்பிக்கவில்லை. இறைவன் தீர்ப்பின்முன் நிற்கும் ஒழுங்காகக் கற்பித்தது. மறுமை நாள் வந்துவிட்ட வேளையிலும் கையில் ஒரு கன்று இருந்தால் அதை நட்டுவிடுங்கள் என்ற கருத்தில் நாயகம் (ஸல்) அவர்கள் சொன்னதாக வரும் செய்தியின் உட்பொருளும் இதுவே. அந்தக் கன்றின் நிழலில் எவரும் அமரப்போவதில்லை. ஆயினும் நடுதல் நன்று.

*

வெண்கலம் வென்ற மறுநாள், ஆகஸ்டு 6. பெண்கள் அணிக்கு வெண்கலப் போட்டி, பிரிட்டனோடு. முந்திய நாள் இனிப்பு வழங்கியவர்களில் பாதிப்பேர் அன்று தொலைக்காட்சிப் பக்கம் வரவில்லை. அதற்கு இரண்டு நாள் முன்னர் அரையிறுதியில் அர்ஜென்டினாவிடம் அப்பெண்கள் தோற்றபோது, ஹரித்வார் அருகே ஆட்டக்காரர் வந்தனா கட்டாரியாவின் வீட்டின்முன் சிலர் வெடி கொளுத்தி, சாதியைச் சொல்லி ஏசினர் என்று குடும்பத்தார் காவல்துறையில் முறையிட்டிருந்தனர். அந்தச் செய்தியைப் படித்தபோது, 1982-இன் தேநீர்க் கடை எனக்கு நினைவுக்கு வந்தது. நாற்பதாண்டு ஆகியும் அந்தக் கடை மூடப்படவில்லை.

என் மகள் அந்த ஆட்டத்தைத் தனியே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு கோல் பின்தங்கி, பிறகு மூன்றுக்கு இரண்டென முந்தி, கடைசியில் 3-4 எனத் தோற்றார்கள். களத்தில் அப்பெண்கள் உட்கார்ந்து அழுதார்கள். இங்கே என் மகளும் அழுதாள். தேற்றுவதற்கு எனக்குச் சொல் ஒன்றும் அகப்படவில்லை. வாப்பாவின் வாழ்நாளில் அவர்கள் இப்படியான நேரத்தில் பெரிதாக ஒன்றும் சொன்னதில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. நான் போய் அவள் அருகில் அமர்ந்தேன். சற்று நேரம் கழித்து அவளே முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்:

"இவங்களுக்கு அடுத்த ஆட்டம் எப்போ வாப்பா?"

அன்று அஸர் தொழுது, என் வாப்பாவுக்காகத் துஆச் செய்தேன். அவர்கள் விட்டுப்போனதை யார் எடுத்துக்கொண்டார் என்று அவர்களுக்கு அறிவிக்க வேறு வழி எனக்குத் தெரியவில்லை.